பெட்டியில் நாற்பத்தொன்று

வெர்லா கிராட்ஸர் அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது
சத்தமே வரவில்லை.
சாவிக்கொத்து வைத்தால்கூட இதைவிட உரக்கக் கேட்கும்.
பன்னிரண்டு அவுன்ஸ்.
டைட்டானியம் உருளை, அலுமினியச் சட்டம்,
கோட்டு நூலில் சிக்காதிருக்கக்
குதிரையை லாயத்துக்குள்ளேயே பூட்டிவிட்ட வடிவம்.
ஒன்பது வருடத்துக்கு முன் இதே மேசையில்
நான்தான் விற்றேன்.

"இருப்பதே மறந்துபோகும்" என்றேன் அன்று.
பொய்யில்லை.
அந்த வருடங்களில் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன்:
பாதிரியாரிடம்,
பனி அள்ளும் லாரி ஓட்டுபவரிடம்,
விவாகரத்துத் தாளில் மை காயாத ஒரு வங்கிக் காசாளரிடம்.
உள்ளங்கையில் வைத்து ஒருதரம் தூக்கிப் பார்ப்பார்கள்.
முகம் மாறும்,
பயத்துக்கு இவ்வளவுதானா எடை என்பதுபோல.

யாரும் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கவில்லை.

சுட்டால் தெரியும்.
உலோகத்தில் குறைத்த எடை எங்கும் ஓடிவிடவில்லை;
கட்டைவிரல் அடியில், மணிக்கட்டில்,
மறுநாள் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது
வட்டியோடு வந்து நிற்கும்.
விசையோ
ஜனவரியில் உறைந்துபோன கார்க் கதவு.

இப்போது இந்தக் கண்ணாடிக்குள்
ரிவால்வருக்கு ஒரே வரிசை. அதிலும் பாதி
எண்ணெய்க் குப்பிகள்.
மற்றதெல்லாம் தட்டைப் பிஸ்டல்கள்:
சீட்டுக்கட்டு கனம், உள்ளே பத்தோ பதினொன்றோ,
கையிடம் கொஞ்சம் இரக்கமும் உண்டு.
ஐந்தைவிடப் பதினொன்று பெரிது.
கணக்கை எதிர்த்து நான் என்ன பேச?
ஆனாலும், பஞ்சுத் துகள், சில்லறை, மிட்டாய்த்தாள்
எதனோடும் ஒரே பையில் குடியிருக்கும் இது.
ஒரு தோட்டா ஊமையாய்ப் போனால் கோபிக்காது;
மறுபடி இழு, அடுத்த அறை வரும்.

"எத்தனை தரம் சுட்டீர்கள்?"
"நாலு. ஐந்தாவதுக்குக் கை வரவில்லை."

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக
வீடுவீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு.
மஸ்கிங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
மாடிப்படியில் விளக்கு எரியாத வீடுகள்.
ஊசிப்பெட்டி இடது கையில்,
வலது கை கோட்டுப்பையில்.
ஒன்பது வருடத்தில் வெளியே எடுத்ததில்லையாம்.
ஒரு நாயிடம் எடுக்க நினைத்தாளாம்.
அது வாலை ஆட்டிவிட்டது.

ஐம்பது அடைத்த பெட்டியில் நாற்பத்தொன்று.
சுட்டது நாலு, உருளையில் ஐந்து.
கணக்கு சரி.

ஏற்றியபடியே கொண்டுவந்திருந்தாள்.
வழக்கமாகத் திட்டுவேன்.
திறந்தேன்.
நாலு புதியவை.
ஐந்தாவது, அந்த ஒரே நாளின் மிச்சம்,
பக்கத்தில் உட்கார்ந்து நாலு உதையையும் வாங்கிய தோட்டா.
துப்பாக்கி பின்னால் துள்ளத் துள்ள
ஈயத் தலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்று
கழுத்தை நீட்டியிருந்தது.
உருளை விளிம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே.

இன்னும் ஒரே உதை பாக்கி.
தலை சட்டத்தில் முட்டும்,
உருளை சுற்றாது,
இருட்டு மாடிப்படியில் அவள் கையில்
பன்னிரண்டு அவுன்ஸ் பேப்பர்வெயிட்.

சொல்ல வாய் திறந்தேன்.
அவள் புதிய பிஸ்டலைக் கோட்டுப்பையில் போட்டு
இரண்டடி நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
வலது தோள் கொஞ்சம் இறங்கியது.
"கனக்கிறதே."
"பழகிவிடும்" என்றேன்.

நாலைப் பெட்டிக்குத் திருப்பினேன்.
ஐந்தாவது என் இழுப்பறையில்,
ரப்பர் பேண்டுகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவே.
விலைச்சீட்டில் எழுதினேன்:
நாலு முறை சுட்டது.

கடை மூடும் நேரத்துக்கு ஒருவர் குனிந்து பார்த்தார்.
எடுத்துக் காட்டச் சொன்னார்.
உள்ளங்கையில் வைத்துத் தூக்கினார்.
அவர் முகத்தைப் பார்க்காமல்
நான் எண்ணெய்க் குப்பிகளை
நேராக அடுக்கினேன்.